அசையாத வால்வு

பலாக்காய் எனக்குப் பிடித்த உணவன்று. ஆயினும் பாக்கியலெட்சுமி போத்தலில் அடைத்துத் தந்ததில் குறை காண இயலவில்லை. உப்பும் புளியும் அளவாக இருந்தன. உள்ளூர் உணவுப் பதப்படுத்தலுக்கான அரசாங்க மானியத்துக்கு, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் அவர் நடத்திய பெண்கள் குழுவைப் பரிந்துரைத்தவனே நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மானியமாகக் கிடைத்தது, போத்தல்களை அவிக்கும் பெரியதோர் ஆவிப் பாத்திரம். அதைப் பரிசோதித்ததாகப் பதுளையில் என் மேசையில் இருந்தவாறே கையொப்பமிட்டேன். பதினேழு ஆண்டுகளில் என் அறிக்கை ஒன்றேனும் திருத்தத்துக்காகத் திரும்பி வந்ததில்லை.

ஒரு வாரத்தில் பாக்கியலெட்சுமி கடிதத்துடன் வந்தார். அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியேற்ற வேண்டிய வால்வு துருவேறி இறுகியிருக்கிறது என்று மாகாண அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். அதை என்னிடம் ஏன் கொண்டுவந்தார் என்று வினவினேன்.

"ஐயாவுக்குச் சொல்லாம மேல குடுத்தா மரியாதை இல்லீங்களே. தோட்டத்துல தொரைக்குப் போறதும் கங்காணி கை வழியாத்தானே போகும்."

கடிதம் மேலே சென்றால் என் கையொப்பம் பொய்யாகிவிடும். பாத்திரம் வெடித்துச் சிதறிவிட்டாலோ, வால்வு முன்பு எவ்வாறு இருந்தது என்பதை எவரும் நிறுவ இயலாது. கடிதத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு, வால்வைப் பழுதுபார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னேன். நான் அனுப்பியவர் வர்ணம் பூசுபவர்.

திறப்பு நாளில் பூசை முடித்து எனக்காகக் காத்திருந்தார்கள். அலுவலர் விளக்கேற்றாமல் அடுப்பு மூட்டுவது அவர்களிடம் வழக்கமில்லை. பத்தரை மணிக்குப் பாக்கியலெட்சுமி தொலைபேசியில் அழைத்தார்.

"வால்வு இப்ப சரிதானுங்களே ஐயா? புதுசு மாதிரி மினுங்குது. தொட்டா வர்ணம் ஒட்டும்னு யாரும் கை வைக்கலைங்க."

"ஓம், அது சரி. நல்ல நேரம் போகுது. என்னைப் பார்த்துக்கொண்டு நிக்காமல் மூட்டுங்கோ."

மூடி பிய்த்துக்கொண்டு போனபோது அவர் அருகில் நின்றிருந்தார், அங்கேயே இறந்தார். அவருடைய மகள் மதுஷாவுக்கு இரு கண்களும் போயின. மருத்துவமனையில் அவளைப் பார்க்கச் சென்றேன். என் குரலை அடையாளங்கண்டு, கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முயன்றாள்.

"ஐயா வந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுங்க" என்றாள்.

அவள் கூறியது முற்றிலும் சரி. வந்திருந்தால் நானும் அந்தப் பாத்திரத்தின் அருகில் நிற்க நேர்ந்திருக்கும், அடுப்பை மூட்ட விட்டிருக்க மாட்டேன்; அதனால்தான் போகவில்லை.

என் அறிக்கை இன்றுவரை திரும்பி வரவில்லை. அவருடைய கடிதமும் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. மூன்று முறை வாசித்துவிட்டேன். அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.