நாற்காலியின் நாலாவது கால்

எனக்கு முதுகுவலி உண்டு. அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் கொடுத்த சுழல் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து மரநாற்காலி கொண்டுவந்தேன். இதில் குற்றம் எதுவும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜனும் காற்றும் உள்ளே போனால் எரிபொருள் கலம் மின்சாரம் தரும். நான் அதற்குள் மெல்லிய மாறுதிசை மின்னோட்டம் அனுப்பி, அது எவ்வளவு முரண்டுபிடிக்கிறது என்று அளப்பேன். மின்மறிப்பு என்பார்கள். திரையில் அரைவட்டம் விழும். காற்று குறைந்தால் அது உப்பும். காற்று அனுப்பும் பம்பு என் சகலையின் பொறுப்பு. மனைவியின் தங்கை கணவர், தங்கமான மனிதர். எட்டு மாதமாக அரைவட்டம் உப்பவே இல்லை.

ஒருநாள் மாமனார் கேட்டார். "சின்ன மாப்பிள்ளை மெஷினுக்கு மூச்சு குடுக்கறார். நீங்க என்ன பண்றீங்க மாப்பிள்ளை?"

"அளக்கறேன் மாமா."

"அளந்து?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவேன்."

வீடே சிரித்தது. என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். நான் கோபப்படவில்லை. மறுநாள் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டேன், அவ்வளவுதான். மேசைக்கடியில் ஓடும் ரப்பர் காற்றுக்குழாய்மேல் அதன் நாலாவது கால் உட்கார்ந்தது. அதன்மேல் நான் உட்கார்ந்தேன்.

அரைவட்டம் உப்பியது. 'காற்று போதவில்லை' என்று அறிக்கை எழுதினேன். நான் பொய் எழுதுகிறவன் இல்லை. சகலை வடிகட்டியை மாற்றினார், புதுப் பம்பு போட்டார். அவர் குழாயைச் சோதிக்க வரும்போதெல்லாம் மரியாதைக்கு எழுந்து நிற்பேன். குழாயில் ஒரு குறையும் இருக்காது. மாமனார் தினமும் போன் செய்து, "இன்னிக்கு என்ன காட்டுது மாப்பிள்ளை?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஆறாவது வாரம் சகலையை வேலையிலிருந்து நீக்கினார்கள். "எங்க தப்புன்னே தெரியலையே அண்ணா" என்று அழுதார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். துவைத்ததுதான்.

வழியனுப்பு விழா என் அறையில். ஒரு அரைவட்டம் விழப் பத்து நிமிடம் ஆகும். டீக்கு எழுந்தால்கூட அதற்குள் திரும்பிவிடுவேன். அன்று சகலையின் உழைப்பைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் நின்றுகொண்டு பேசினேன். பேசி முடித்தபோது மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் திரையில் உப்பல் வடிந்திருந்த அரைவட்டத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலியை, பிறகு அதன் காலை.

"கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். பத்து நிமிடம் எல்லோரும் திரையையே பார்த்தோம். அரைவட்டம் உப்பியது.

செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நாலு வார்த்தையோடு பேச்சை முடித்திருந்தால் தப்பித்திருப்பேன். சகலைமேல் நான் வைத்திருந்த பாசம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.