பெடல் கொஞ்சம் நீளம்

பந்தயத் தடத்தில் முதன்முதலாக வண்டி ஓட்டிப் பார்க்க வருகிறவர்களிடம் நான் இருபது வருடமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிவருகிறேன். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பிறகு நல்ல பிரேக் பேடு போடுங்கள். வேறெதையும் தொடாமல் பத்துத் தடவை ஓட்டிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். இதைக் கேட்டு யாரும் சந்தோஷப்பட்டதில்லை. ஆயில் மாற்றினால் யார் கண்ணுக்கும் தெரியாது. சக்கரத்துக்குள் பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் பெரிதாக, சிவப்பாகப் பளபளத்தால் தெருவே நின்று பார்க்கும்.

சார்ஜெண்ட் ஃபென்விக், நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். என் வார்த்தையில் எழுதினால் அது பிரேக்கில்தான் ஆரம்பிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கிளைவ் ஹாதர்சேஜ். வயது அறுபத்தொன்று. பஸ் டிப்போ பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். ஸ்வேல்பி பழைய விமானத்தளத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை புதியவர்களுக்கான கார் ஓட்டம் நடக்கும். அது போட்டி இல்லை, யாரும் நேரம் குறிப்பதில்லை. காலையில் அவர்கள் வண்டிகளைப் பார்த்து, சரியாக இருந்தால் கண்ணாடியில் பச்சைச் சீட்டு ஒட்டுவது என் வேலை. ஓட்டம் தொடங்கியதும் கையில் வயர்லெஸ்ஸோடு வேலி ஓரம் நிற்பேன். சம்பளம் கிடையாது. ஒரு பேக்கன் பன்னும் வேண்டிய அளவு டீயும் உண்டு. என் சீட்டு இல்லாமல் ஒரு வண்டியும் உள்ளே போகாது என்பதில் எனக்கிருந்த பெருமைக்கு வேறு கூலி தேவைப்படவில்லை.

ரோரி பென்ஹேல் மார்ச் மாதம் சும்மா வேடிக்கை பார்க்க வந்தான். முப்பத்து மூன்று வயது, ஊருக்குள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருப்பதாகவும், பிரேக்குக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டான். நான் அரை மணி நேரம் விளக்கினேன். காகிதத்தில் படம்கூடப் போட்டுக் கொடுத்தேன். மே மாதம் வண்டியோடு வந்தான். நான்கு சக்கரத்திலும் சிவப்புக் காலிப்பர், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு டிஸ்க். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து தானே மாட்டினானாம்.

டீ வண்டி முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"என்ன பெருசு, நம்ம பிரேக் எப்படி?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆயில் புதுசா?"

"ஷெட்டுல பாதி டப்பா கெடந்துச்சு, அதையே ஊத்திட்டேன். எப்பப் பாரு ஆயில் ஆயில்னு. நீங்க அதை டீயில ஊத்திக் குடிங்க பெருசு."

எல்லோரும் சிரித்தார்கள். டீ வண்டி மோரீன் என் கோப்பையை நீட்டியபடி, "சர்க்கரை ரெண்டு ஸ்பூன் தெரியும் கிளைவ். ஆயில் எத்தனை ஸ்பூன்?" என்றாள். நானும் சிரித்தேன். ரோரி கெட்டவன் இல்லை. எனக்கும் சேர்த்து அவன்தான் பன் வாங்கினான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திறந்து வைத்த டப்பாவில் இருக்கும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சாலையில் ஓட்டும்போது அதனால் ஒன்றும் ஆகாது. தடத்தில் பிரேக் கொதிக்கக் கொதிக்க அந்த ஈரம் ஆவியாகும். அப்புறம் பெடலை மிதித்தால் கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. எவ்வளவு பெரிய காலிப்பர் போட்டிருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆயிலைச் சோதிக்க என்னிடம் பேனா அளவில் ஒரு கருவி உண்டு. நுனியை நனைத்தால் விளக்கு எரியும். பச்சை நல்லது, மஞ்சள் சுமார், சிவப்பு கூடாது. ரோரியின் வண்டியில் சிவப்பு எரிந்தது. அவன் அந்தப் பக்கம் ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் நுனியைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகிவிட்டுப் பச்சைச் சீட்டை ஒட்டினேன். அந்தக் கருவிகள் எப்போதும் சரியாகக் காட்டுவதில்லை. இதை நீங்கள் எந்தப் பட்டறையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் புல்லில் போய் நிற்பான், முகம் வெளுத்துத் திரும்பி வருவான், டீ வண்டி முன்னால் நின்று, "நீங்க சொன்னதுதான் சரி" என்பான். இவ்வளவுதான் நான் நினைத்தது. விமானத்தளம் ஆயிற்றே, எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்தான். பின்பக்க நேர்ப்பாதையின் முடிவில் மட்டும் பெரிய மண்மேடு இருக்கிறது. சத்தம் ஊருக்குள் போகாமல் இருக்க எழுப்பியது.

முதல் ஓட்டம் முடிந்து வந்தான். சூடான பிரேக்கோடு நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடக் கூடாது என்று மார்ச்சில் சொல்லியிருந்தேன். அவன் கியரில் நிறுத்தி, இறங்கி, டிக்கியிலிருந்து மரக்கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"பெடல் கொஞ்சம் நீளமா இருக்கு, கிளைவ்."

பெருசு என்று சொல்லவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன்.

நம் ஊர் ஆட்கள் "கொஞ்சம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா மாரடைப்பு வந்து சமையலறைத் தரையில் கிடந்தபோது, "கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு" என்றார். அடுத்த தெரு வெள்ளத்தில் மூழ்கியபோது அந்த வீட்டுக்காரர் மாடி ஜன்னலிலிருந்து, "கொஞ்சம் ஈரம்" என்று கத்தினார். பெடல் நீளம் என்றால் பிரேக் பிடிக்க ரொம்ப ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்; அதை ஒருவன் வாய்விட்டுச் சொன்னாலே அவன் உள்ளுக்குள் நடுங்கிப்போயிருக்கிறான். இருபது வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வண்டியை நிறுத்தி வைத்தவன் நான்.

"சகஜம்தான்" என்றேன். "புதுப் பேடு இல்லையா. நல்லா சூடாகட்டும், தானா செட்டாயிடும்."

"அப்படியா? அப்ப சரி." அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். என்னை முழுசாக நம்பினான்.

மதிய இடைவேளை ஒரு மணி நேரம். என் வேனில் மூடி உடைக்காத புது ஆயில் டப்பா இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் மாற்ற அரை மணி போதும். நான் சாப்பிட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தின்போது ரோரியின் மனைவி ஹெட்டி வேலி ஓரம் என் பக்கத்தில் வந்து நின்றாள். குளிராக இருக்கிறதே என்று எனக்கும் ஒரு டீ கொண்டுவந்தாள். மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில், ரோரியின் பிரேக் விளக்கு மூன்று தடவை அணைந்து அணைந்து எரிந்தது. வண்டி நிற்காமல் போகும்போது பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால்தான் அப்படி எரியும். எப்படியோ வளைவைத் தாண்டிவிட்டான். வேகத்தைக் குறைத்து உள்ளே வந்திருக்கலாம். நல்லா சூடாகட்டும் என்று நான் சொல்லியிருந்ததால் வரவில்லை.

"அவன் லைட்டு ஏன் இப்படி மினுக்குது?" என்று ஹெட்டி கேட்டாள்.

"புதுசா ஓட்டறவங்க அப்படித்தான்மா. கால் பழகல."

வயர்லெஸ் என் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் தொடக்கக் கோட்டில் கறுப்புக் கொடி காட்டுவார்கள், அவன் உள்ளே வந்துவிடுவான். அவன் அந்தக் கோட்டை அடைய இருபது விநாடியாவது இருந்தது. அவன் இன்னும் புல்லுக்குப் போகவில்லையே, இன்னும் ஒரு சுற்று ஆகட்டும் என்று நினைத்தேன். வார்த்தை பிசகாமல் அதையே நினைத்தேன்.

நான்காவது சுற்றில் அந்த விளக்கு ஏழு தடவை எரிந்தது. நான் எண்ணினேன். ஹெட்டியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மண்மேட்டில் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. வீட்டில் தானே மாட்டியது, ஷெட்டில் கிடந்த பழைய ஆயில், அனுபவம் இல்லை. விசாரணையில் அப்படித்தான் முடிவானது. கிளைவ் அப்போதே சொன்னார், பையன்தான் கேட்கவில்லை என்று டீ வண்டியில் இருந்த அத்தனை பேரும் சாட்சி சொன்னார்கள். மோரீன் அழுதாள். இப்போது ஸ்வேல்பியில் புது விதி வந்திருக்கிறது. என் பேனா பச்சை காட்டாமல் எந்த வண்டியும் தடத்தில் இறங்க முடியாது. எனக்குக் கைதட்டி ஒரு கேடயமும் கொடுத்தார்கள். நான் மேடையேறி வாங்கிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை ஹெட்டி என் வீட்டுக்கு வந்தாள். அன்று ரோரியைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல வந்தேன் என்றாள். சட்டினி பாட்டில் ஒன்று கொண்டுவந்திருந்தாள், அவளே செய்தது. கிளம்பும்போது, "கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "பெடல் கொஞ்சம் நீளமா இருக்குன்னான்" என்றேன்.

அவள் கை கதவுப் பிடியிலேயே நின்றது. "ரோரி தோள் எலும்பு ஒடஞ்சு வந்தப்ப கொஞ்சம் சுளுக்குன்னான்" என்றாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

ஞாபகமில்லை என்றேன். அவள் திரும்பி உள்ளே வந்தாள். சட்டினி பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாபகம் இருக்கிறது. மேலே எழுதியிருக்கிறேன். சிவப்பு எரிந்தது, கொஞ்சம் என்றான், விளக்கு மினுக்கியது. மூன்று தடவையும் எனக்குத் தெரிந்தது. மூன்று தடவையும் நான் அவனைப் போக விட்டேன். என் பேச்சை ஒருவன் டீ வண்டி முன்னால் கிண்டல் செய்தான் என்பதற்காக அவனைக் கொன்றேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்று காலையில் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன், சார்ஜெண்ட். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.