பிரசங்கம் நீண்டால் பூட்டிக்கொள்ளும் திரை

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர ட்ராமிலிருந்து இறங்குவதற்காக எழுந்தவன், முன்னிருக்கைப் பெண் சொன்னதைக் கேட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"ஞாயிறுப் பூசையில சுவாமி பத்து நிமிசத்துக்கு மேல பிரசங்கம் வைச்சால் கொம்பியூட்டர் பூட்டிக்கொள்ளுது, அண்ணை."

பக்கத்தில் வேலைச் சட்டையோடு இருந்தவர் திடுக்கிட்டார். "லினக்ஸைப் போட்டு, திரை பூட்டுறதையும் நிப்பாட்டித்தானே தந்தனான், மெற்றில்டா? வீட்டில சோதிச்சும் பாத்தனான்."

"உங்கட லினக்ஸுக்குப் பிரசங்கம் எண்டால் நித்திரை வருது போல. பாட்டுக்கு எழும்பினால், பாட்டு வரிகள் விழுகிற சுவரில பாஸ்வேர்ட் கேக்கிற பெட்டி நிக்குது. நான் அதைத் தட்டி முடிக்கிறதுக்குள்ள பாட்டின்ர முதலடி போயிடும்."

"சனம் சிரிக்குதோ?"

"சிரிச்சாலும் பரவாயில்லை. இந்த ஞாயிறும் பூட்டினால் பழையபடி பாட்டுப் புத்தகம்தானாம். பிறகு உங்கட லினக்ஸை ஒருத்தரும் கோவிலுக்குள்ள விடாயினம்."

அவளே தொடர்ந்து கேட்டாள்.

"வீட்டில சோதிக்கேக்க ஆற்ர பெயரில கொம்பியூட்டருக்குள்ள போனனீங்கள்?"

"என்ர பெயரிலதான்."

"கோவில்ல நான் பாடகர் குழுவின்ர பெயரிலயெல்லோ போறனான்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியா நிப்பாட்ட வேணும். எனக்கு மட்டும் நிப்பாட்டியிருக்கிறன்!"

"நல்லாத்தான் சோதிச்சனீங்கள்."

"இண்டைக்கே குழுவின்ர பெயரில போய் நிப்பாட்டிப்போட்டு, இருபது நிமிசம் தொடாமல் வைச்சுப் பாக்கிறன்."

"இருபது காணாது, அண்ணை. வாறது உயிர்த்த ஞாயிறு. நாப்பது வையுங்கோ."