மாப்பிள்ளைக் காரின் சத்தம்

வேலணையில் பஸ்ஸுக்காகக் காத்துநின்றோம். பூமாலையும் ரிபனும் கட்டிய கல்யாணக் கார் ஒன்று எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. எஞ்சினுக்குள் ‘டக், டக்’ என்று ஓயாமல் ஒரு சத்தம். சாரதி இறங்கிப் பொனற்றைத் திறந்தார். பின்கதவால் மாப்பிள்ளையின் அக்கா தலையை நீட்டினார்.

“அண்ணை, முகூர்த்தத்துக்கு முன்னம் சுருவிலுக்கு, பொம்பிளை வீட்டை போக ஏலுமோ?”

“பொறு தங்கச்சி, பாக்கிறன். வீட்டிலை வெளிக்கிடேக்கை இந்தச் சத்தம் இல்லை.”

எங்கள் வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“பேரிங் போயிட்டுது. இனி ஓடாது.”

“நல்ல நாளிலை வாயைக் கழுவும் ஐயா!” என்றார் அக்கா.

சாரதி குனிந்து காதைக் கொடுத்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டார். முடிச்சோடு ஒரு ரிபன் நுனி வெளியே வந்தது.

“பொனற் இடுக்காலை உள்ளை போயிட்டுது. ஃபான் சுத்தச் சுத்த இந்த முடிச்சிலை அடிச்சிருக்கு. வேறையொண்டுமில்லை.”

வரிசையில் எல்லோரும் சிரித்தோம். பேரிங் என்றவரும் சிரித்தார். வேட்டி சால்வையோடு உள்ளே இருந்த மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணை, எஞ்சினை நிப்பாட்டினாப் பிறகும் எனக்கு டக், டக் எண்டு கேக்குது.”

சாரதி பொனற்றை மூடிவிட்டு வந்து ஏறினார்.

“அது உம்மட நெஞ்சு தம்பி. என்னாலை ஏலாது. சுருவிலிலை ஒராள் பாத்துக்கொண்டிருக்கிறா, அவவிட்டைக் காட்டும்.”