ஒரே பொந்தில் இரண்டு மீன்கள்

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைதான் கூடுதல். இந்த அல்தமீரா ஊரில் எல்லோரும் இப்படித்தான் குடிக்கிறார்கள்.

என் மனைவி ஜுசாராவைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஷிங்கு ஆற்றுப் பாறைகளில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் கெளுத்திகளை இனம் பிரித்துப் பெயர் வைப்பது எங்கள் வேலை. புதுப் பெயர் வைக்க வருடக்கணக்காக உழைக்க வேண்டும். வைத்த பெயரை அடிக்க ஒரு பேனா போதும். அடிப்பதற்கு மறுஆய்வு என்று மரியாதையான சொல் ஒன்று உண்டு. கட்டத் தெரியாதவர்கள் கலைத்துப் பிழைப்பார்கள். ஜுசாரா அந்த ரகம்.

மூஞ்சியில் மீசைபோலக் கிளைகிளையாகத் தசை முளைத்த கெளுத்திக்கு, எப்போதோ செத்துப்போன ஒருவர் பெயர் வைத்திருந்தார். மீசையில்லாத மொழுக்கைக் கெளுத்திக்கு நான் வைத்தேன். உலகில் என் குடும்பப் பெயரைச் சுமந்த மீன் அது ஒன்றுதான். இரண்டும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்றாள் அவள். அப்படியானால் மூத்த பெயர் நிற்கும், என்னுடையது போகும். அதுதான் விதி.

ஆய்வகத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்: "ஏம்ப்பா வால்தோ, உனக்கு மீசை இருக்கு, எனக்கு இல்ல. நாம என்ன ரெண்டு இனமா? அப்ப நம்ம கல்யாணமே செல்லாதேப்பா."

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஒரே பொந்துல முட்டையோட ஜோடியா பிடிச்சுக் காட்டு, ஒத்துக்கறேன்" என்றேன்.

"காட்டினா அழக் கூடாது."

அதற்காகத்தான் ஆற்றுக்கு வந்தோம். இந்த ஊரில் கெளுத்தி பிடிப்பவர்கள் மூழ்குவதுபோலவே அவளும் மூழ்கினாள். இடுப்பில் ஈயக்கட்டி, வாயில் ரப்பர் குழாய். படகிலிருக்கும் எஞ்சின்தான் காற்றை அனுப்பும். எஞ்சின் பக்கத்தில் நான் இருந்தேன். கயிறு ஒரு முறை அசைந்தால் வலைப்பையை மேலே இழுக்க வேண்டும். அசைந்தது, இழுத்தேன். உள்ளே மீசைக்காரன் ஒன்று, மொழுக்கை ஒன்று, மஞ்சள் முட்டைக்கொத்து ஒன்று. அவளோ கீழே பாறையிடுக்கில் தோள்வரை நுழைந்து அடுத்த பொந்தைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது என்று முதலில் சொன்னேன். டாங்க் நிறைந்திருந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஆம், நான்தான் நிறுத்தினேன். அதன்பின் கயிறு பலமுறை அசைந்தது. அதற்கென்று எங்களுக்குள் குறி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

அவளை நேசித்தேனா என்று கேட்கிறார்கள். இது என்ன கேள்வி. கைதாவதற்கு முந்தின நாள்கூட மரவள்ளி மாவை இரண்டு தட்டில் பரிமாறிவிட்டு, அவள் தட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வீடு வேறு, விஞ்ஞானம் வேறு.

கயிறு அடங்கியதும் முட்டைகளை ஆற்றில் கொட்டினேன். மீன்களை ஸ்பிரிட்டில் போட்டேன், தனித்தனி பாட்டில்களில். வெவ்வேறு இனங்களை ஒன்றாகப் போடுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம், ஐயா.