நடுச்சுவருக்கு மேலே வந்த வெளிச்சம்

போடியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு பல்பை எடுத்து, தனக்கு முன்னால் நின்ற இளைஞரிடம் நீட்டினார். இருவர் சட்டையிலும் ஏலக்காய் வாசனை.

“ரெண்டு நாள்தான் எரிஞ்சிருக்கு. ஒன் வீட்ல போட்டுக்க மாப்ளே.”

“அப்ப ஒங்க வீட்டுக்கு, மாமா?”

“நாலு வருசமா பல்பு இல்லாமத்தான இருந்தேன்.”

“கரண்டு இல்லாத வீடா?”

“கரண்டு இருக்கு. வீட்டுக்காரரு ஒரு பல்புக்கு இவ்வளவுன்னு வாடகையோட சேத்து வாங்குவாரு. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்செவரு கூரை வரைக்கும் கெடையாது. அவுக லைட்டு வெளிச்சம் மேல வழியா இங்கிட்டு விழும். நான் ஒத்த ஆளு. அதுலயே ஆக்கித் தின்னுட்டுப் படுத்துக்குவேன்.”

“நல்ல மிச்சந்தான்.”

“போன வாரம் அவுக காலி பண்ணிட்டு எஸ்டேட்டுக்குப் போயிட்டாக. அதான் இத வாங்கிப் போட்டேன்.”

“சரியா எரியலையா?”

“நல்லாத்தான் எரியுது.”

வரிசை நகர்ந்தது. பெரியவர் தன் தகர டப்பாவைக் காலால் முன்னே தள்ளினார்.

“தெனமும் அந்த வீட்டுப் பொண்ணு செவத்துக்கு அங்கிட்டிருந்து கேக்கும், ‘அண்ணே, சாப்ட்டாச்சா, லைட்ட அணைக்கட்டுமா’ன்னு. நான் சரின்னு சொன்னாத்தான் அணைக்கும். இப்ப சாப்ட்டு முடிச்சுட்டு சுவிச்சுக்கிட்டயே நிக்கிறேன். ரெண்டு நாளும் விடிய விடிய எரிஞ்சிருச்சு மாப்ளே.”

இளைஞர் பல்பை வாங்கிக்கொண்டார்.

“சிம்னி வெளக்குன்னா எண்ணெ தீந்ததும் தானா அணைஞ்சுரும்” என்றார் பெரியவர்.