மிச்சத் துணுக்கு

கையெழுத்து அப்புறம் போடறேன், டாக்டரம்மா. முதல்ல இதைச் சொல்லுங்க. என் பொண்ணு குடல்லேர்ந்து துணுக்கு எடுக்கறீங்க, வைத்தியத்துக்கு, சரி. மிச்சத் துணுக்கு ஆராய்ச்சிக்குன்னா? யாருக்கு விக்கறீங்க? சரி சரி, விக்கல. கோவிச்சுக்காதீங்க. பதினாறு வருஷமா பஸ்ல டிக்கெட் செக்கிங் எனக்கு. சிரிச்சுப் பேசறவங்களைத்தான் முதல்ல சோதிப்பேன்.

நரம்பைப் பத்தின ஆராய்ச்சியா? பத்து வயசுப் புள்ளைக்குக் குடல் பூரா புண்ணு, இதுல நரம்பு எங்கேர்ந்து வந்துச்சு? பாத்தீங்களா, சுத்தி வளைச்சு அங்கதான் வர்றீங்க. எல்லாம் மனசு, பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கறா, அதானே?

இல்லையா? குடல் சுவத்துக்குள்ளயே நரம்பு ஓடுதா? ம்... அதுக்குப் பக்கத்துலயே நோயை எதிர்க்கற செல்லும் உக்காந்திருக்கு. நரம்பு ஒண்ணு சொல்ல, செல்லு கொதிச்சுப்போய் சொந்த வீட்டையே கொளுத்துது. அந்தச் சூட்டுல நரம்பு இன்னும் அலறுது. நல்ல மாமியார் மருமக! அட, சிரிக்காதீங்க, நிஜமாத்தான் கேக்கறேன்.

அப்போ புண்ணு ஆறினப்புறம் கூட அவ வலிக்குதுன்னு சொன்னா நிஜமாவே வலிக்கலாம். நடிப்பில்ல. இதை ஒரு தாள்ல எழுதித் தாங்க, அவ டீச்சர்கிட்ட நீட்டறேன்.

இந்தக் கடைசிப் பக்கத்துல என்ன கேள்வி இது? நோய் தெரிஞ்ச சமயத்துல குழந்தைக்குப் பெரிய பயம், அதிர்ச்சி ஏதாவது... எதுக்கு இது? யாரு உங்ககிட்ட என்ன சொன்னாங்க? அவங்கப்பாவா?

எல்லார்கிட்டயும் கேக்கறதா. பயத்தால இந்த நோய் வந்துடாதுங்கறீங்க. இருக்கறதை வேணா அதிகமாக்கலாம், அதுவும் இன்னும் உறுதியாத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் துணுக்கு.

பேனா குடுங்க. இங்கதானே? போட்டாச்சு.

அந்தக் கேள்விக்கு இல்லைன்னு எழுதிடாதீங்க. பரீட்சை அன்னிக்குக் காலையில ஏழாவது தடவையா பாத்ரூம் போனா. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. எத்தனை ஏமாத்துக்காரங்களைப் பிடிச்சிருக்கேன், எங்கிட்டயே டிமிக்கியான்னு, அவ உள்ள இருக்கறப்பவே பாத்ரூம் கதவுக்கு வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டேன். இருபது நிமிஷம்தான். தட்டினா, கத்தினா. அப்புறம் சத்தமே இல்ல. திறந்தா, தரையெல்லாம் ரத்தம்.

கதவு சிக்கிக்கிச்சு கண்ணுன்னு சொன்னேன். நம்பிட்டா.